கோழிக்கு வராத காய்ச்சல் மனசுக்கு வரலாமா?

‘பறவைக் காய்ச்சல்’ என்று தொலைக்காட்சியில் ஒரு வரி ஓடினால் போதும், நாமக்கல் வட்டாரப் பண்ணை வீடுகளில் அன்று இரவு யாருக்கும் தூக்கம் இருக்காது. ஒரு சேனல் முடிந்தால் அடுத்த சேனல், அது முடிந்தால் வாட்ஸ்அப். அதே செத்த கோழிகளின் படம் பத்து முறை கண்ணில் படும். விடிந்து கொட்டகைக்குள் போனால், ஒரு கோழி சோர்ந்து நின்றாலும் நெஞ்சு படபடக்கும்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில், நாட்டிலேயே முதன்முறையாகப் பறவைக் காய்ச்சல் உறுதியானது. அந்த ஊர் நாமக்கல்லில் இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் இங்கே முட்டை விற்பனை சரிந்தது. 2020-ல் கோழிக்கறி, முட்டை மூலம் கொரோனா பரவும் என்று வதந்தி கிளம்பியது. அதில் உண்மையில்லை என்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை அறிவித்தும், விலை விழுந்தது. 2021 ஜனவரியிலும் 2024 ஏப்ரலிலும் கேரளத்தின் ஆலப்புழா பகுதியில் வாத்துகளுக்கு நோய் வந்தது. நாமக்கல் முட்டை தினமும் லாரி ஏறிப் போகும் மாநிலம் அது. இங்குள்ளவர்கள் கவலைப்படாமல் எப்படி இருப்பார்கள்?

எவ்வளவு செய்தி போதும்?

ஒரு பண்ணையாளருக்குத் தேவையான சேதி மூன்றுதான். நோய் எந்த ஊரில் உறுதியாகியிருக்கிறது? கோழி, முட்டை, தீவனம் கொண்டுபோகத் தடை உண்டா? இன்றைய விலை என்ன? இவற்றைத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். அதற்குமேல் பார்ப்பதில் புதிதாக எதுவும் கிடைக்காது, பயம் மட்டும்தான் கூடும்.

2013-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அதன்பின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மக்களின் மனநிலையை ஆராய்ந்தார்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் 6 மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியிலேயே மூழ்கியவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட மன அழுத்தம் அதிகமாக இருந்தது. திரும்பத் திரும்பப் பார்க்கும்போது, தூரத்து ஆபத்து வாசலில் நிற்பதுபோல் மனம் நம்பிவிடுகிறது.

அப்படி நம்பிய மனம் எடுக்கும் முடிவு நஷ்டத்தில் போய் முடியும். முட்டைக்கோழி சுமார் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, 72 வாரம் தாண்டியும் பலன் தரும். பயத்தில் 50 வாரக் கோழியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டால், மீதி மாதங்களின் முட்டை வருமானம் போய்விடும்.

கவலையை வேலையாக மாற்றுங்கள்

* செய்திக்குக் காலை ஒரு நேரம், மாலை ஒரு நேரம் ஒதுக்குங்கள். கொரோனா காலத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன யோசனையும் இதுதான். படுக்கப்போகும் முன் வேண்டாம்.
* யார் அனுப்பியது என்று தெரியாத வீடியோவை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் முட்டையின் விலையைக் கெடுப்பதும் அதுதான்.
* சந்தேகம் வந்தால் உள்ளூர் கால்நடை மருத்துவரையோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியையோ கேளுங்கள்.
* பண்ணை வாசலில் வண்டிச் சக்கரத்துக்குக் கிருமிநாசினி தெளியுங்கள். கொட்டகைக்குத் தனிச் செருப்பு வையுங்கள். வெளிப்பறவைகள் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் வராமல் வலை கட்டுங்கள்.
* கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தாலோ, கொண்டை வீங்கி நீலம் பாய்ந்தாலோ, விற்கவோ வெளியே வீசவோ வேண்டாம். உடனே கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.
* நன்றாக வேகவைத்த முட்டையும் கறியும் பாதுகாப்பானவை. 70 டிகிரி வெப்பத்தில் அந்தக் கிருமி அழிந்துவிடும். இதை வாடிக்கையாளருக்கும் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வீட்டில் யாராவது வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், கடனையும் விலையையும் மட்டுமே புலம்பிக்கொண்டிருந்தால் ‘போகப்போகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். கோழிக்கு மருத்துவரைக் கூப்பிட நாம் தயங்குவதில்லை. கோழி வளர்ப்பவருக்கும் தயங்க வேண்டாம்.