தலைக்கு மேலே போலீஸ் ஆயுதம்!

ஆள் ஏறாமல் பறக்கும் குட்டி விமானத்துக்கு "டிரோன்" என்று பெயர். தரையில் நிற்பவர், கையில் உள்ள கருவியால் அதை இயக்குவார். கல்யாண வீட்டில் அது படம் எடுக்கிறது. வயலில் மருந்து தெளிக்கிறது. காணாமல் போனவர்களைத் தேடப் போலீசாருக்கும் உதவுகிறது.

அதே டிரோனில் ஆயுதத்தைக் கட்டினால்?

பட்டம் விட்ட விவசாயிகள்

2024-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி. விளைபொருள்களின் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்டம் வேண்டும் என்று கேட்டு, பஞ்சாப் விவசாயிகள் டெல்லிக்குப் புறப்பட்டார்கள். அரியானா எல்லையில், ஷம்பு என்ற இடத்தில் போலீசார் தடுத்தார்கள்.

வானில் டிரோன்கள் வந்தன. கண்ணீர்ப்புகைக் குண்டுகள் மேலே இருந்து விழுந்தன!

விவசாயிகள் என்ன செய்தார்கள்? பட்டம் விட்டார்கள்! நூலில் டிரோனைச் சிக்க வைத்து, கீழே இழுக்கப் பார்த்தார்கள்.

மாறிய வாசகம்

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை முன்பே எழுந்தது. அங்கே வடக்கு டகோட்டா என்று ஒரு மாநிலம். 2015-ம் ஆண்டு, ரிக் பெக்கர் என்ற சட்டசபை உறுப்பினர் ஒரு மசோதா கொண்டு வந்தார். போலீஸ் டிரோனில் எந்த ஆயுதமும் கூடாது என்பது அவருடைய எண்ணம்.

போலீஸ் தரப்பு அதை ஏற்கவில்லை. முடிவில், மசோதாவின் வாசகம் மாறியது. "ஆயுதம் கூடாது" என்பது, "கொல்லும் ஆயுதம் கூடாது" என்று ஆகிவிட்டது!

விளைவு? கண்ணீர்ப்புகைக்குத் தடை இல்லை. ரப்பர் குண்டுக்கும் தடை இல்லை. மின்சார அதிர்ச்சி கொடுக்கும் "டேசர்" துப்பாக்கிக்கும் தடை இல்லை. கதவை அடைக்க வந்த சட்டமே கதவைத் திறந்துவிட்டது!

இவை கொல்லாத ஆயுதங்கள்தானா? ரப்பர் குண்டு பட்டுக் கண் இழந்தவர்கள் உண்டு. உயிர் இழந்தவர்களும் உண்டு.

அச்சம் ஏன்?

போலீசாருக்கு டிரோனால் ஒரு நன்மை உண்டு. கல்வீச்சில் காயம் படாமல், எட்ட நின்றே கூட்டத்தைக் கலைக்கலாம்.

ஆனால், நேரில் நிற்கும் போலீஸ்காரர் கூட்டத்தில் இருக்கும் கிழவியைப் பார்க்கிறார், குழந்தையைப் பார்க்கிறார். ஓங்கிய தடி தானாகவே தாழ்வது உண்டு. அவர் முகத்தை ஜனங்களும் பார்க்கிறார்கள். தவறு செய்தால் அடையாளம் காட்டலாம்.

டிரோனை இயக்குபவரோ தூரத்தில் இருக்கிறார். அவர் பார்ப்பது ஒரு சிறு திரையைத்தான். குண்டு விழுந்தால், போட்டவர் யார் என்று அடிபட்டவருக்குத் தெரியாது.

எழுத வேண்டிய பதில்

போலீஸ் டிரோன் எப்போது பறக்கலாம்? எதைச் சுமக்கலாம்? முன்கூட்டி எச்சரிக்கை உண்டா? தவறு நடந்தால் யார் பொறுப்பு?

இந்த 4 கேள்விகளுக்கும் சட்டத்தில் தெளிவாகப் பதில் எழுத வேண்டும். அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் ஜனங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். வாசகம் மாறினால் என்ன ஆகும் என்பதை வடக்கு டகோட்டா காட்டிவிட்டது!