கருங்கற் போர்வையின் கீழ்

இலத்தீன் மொழியில் ‘பெட்ரா’ என்பது பாறை. ‘ஓலியம்’ என்பது எண்ணெய். இவ்விரு சொற்களின் சேர்க்கையே பெட்ரோலியம். ஆனால் எல்லாப் பாறையும் எண்ணெய் தருவதில்லை. பண்டைக் கடல்களில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் மடிந்து சேற்றோடு புதையுண்டு, பல இலட்சம் ஆண்டுகள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பக்குவமடைந்து எண்ணெயாகின்றன. அவ்வெண்ணெய் மணற்பாறையின் நுண்துளைகள் வழியே மேலேறும். களிப்பாறை மூடியிருப்பின் அங்கே தங்கும்; இல்லையேல் கசிந்து வீணாகும். ஆதலின் எண்ணெய் நாடுவோர் முதற்கண் தேடுவது படிவுப் பாறைகளையே.

அப்படிவுகளை எரிமலைக் குழம்பு மூடிவிட்டால் என் செய்வது? இந்தியாவின் தக்காணத்தில் எழும் வினா இதுவே. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன், நிலப் பிளவுகளினின்றும் பொங்கிய குழம்பு அடுக்கடுக்காய்ப் பரவி இறுகிற்று. இன்று எஞ்சியுள்ள பரப்பே ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர். இப்பாறையைப் ‘பசால்ட்டு’ என்பர். எல்லோராக் குகைகள் குடையப்பட்டதும் இப்பாறையிலேதான். இதன் குன்றுகள் படிக்கட்டுப் போலத் தோன்றுதலின், படியைக் குறிக்கும் சுவீடியச் சொல்லால் ‘டிராப்பு’ எனவும் இதற்குப் பெயர் வழங்குகின்றது.

நிலத்தின் உள்ளமைப்பை அறிய, மேற்பரப்பில் அதிர்வலைகளை எழுப்பி, அவை ஆழத்துப் பாறைகளில் மோதித் திரும்புவதைக் கருவிகளால் பதிவு செய்வர். பசால்ட்டு நிலத்தில் இம்முறை இடர்ப்படுகின்றது. குழம்பின் அடுக்குகளுக்கிடையே அலைகள் மீண்டும் மீண்டும் எதிரொலித்துச் சிதறுகின்றன. கல்மண்டபத்தில் பலர் ஒருங்கே பேசினால் தொலைவில் நிற்பவன் குரல் கேளாதவாறு, கீழ்ப்படிவுகளிலிருந்து வரும் மெல்லிய எதிரொலி அவ்வாரவாரத்தில் மறைந்துபோகின்றது.

ஆகவே அறிஞர்கள் வேறொரு வழியும் நாடினர். நிலத்துள் இயற்கையாய் ஓடும் மின்னோட்டத்தை அளந்தால், நீர் ஊறிய படிவுகள் மின்னை எளிதிற் கடத்துவதும், பசால்ட்டு தடுப்பதும் புலனாகும். ஆயினும் வெடிப்புகளில் உவர்நீர் நிறைந்த வேறு பாறையும் மின்னைக் கடத்தக்கூடும். ஐயத்தை அறுப்பது துளையிடுதல் ஒன்றே. அதுவோ பெரும்பொருட் செலவுடையது.

துளையிட்ட இடந்தோறும் ஒரே விடை கிடைத்ததுமில்லை. சௌராட்டிரத்து இலோதிகாவில் ஏறத்தாழ 1½ கிலோமீட்டர் பசால்ட்டைக் கடந்தபின், குழம்பினும் மூத்த படிவுகள் தென்பட்டன. மகாராட்டிரத்துக் கொய்னாவிலோ நேர்மாறு. 1967-ஆம் ஆண்டு பெருநிலநடுக்கம் கண்ட அப்பகுதியில், நடுக்கத்தின் காரணம் ஆராயும் பொருட்டு 2011-ஆம் ஆண்டிற்குப் பின் ஆழ்துளைகள் இடப்பட்டன. அங்கு 1 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில் பசால்ட்டு முடிந்து, இடையே படிவு ஏதுமின்றி, தொன்மையான கிரானைட்டுப் பாறை தொடங்கிற்று.

குசராத்தின் காம்பேப் பள்ளத்தாக்கில் இதே பசால்ட்டு தரையாய் அமைய, அதன்மேற் படிந்த இளைய படிவுகளில் எண்ணெய் சுரக்கின்றது. 1960-இல் அங்கலேசுவரில் கண்டறியப்பட்டது அத்தகையதே. பசால்ட்டு கூரையாய் நிற்குமிடத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. மேலேறிய குழம்பு சிலவிடத்துக் கீழ்ப்படிவுகளின் ஊடே சுவர்போற் புகுந்து நிற்கும். அச்சுவரை ஒட்டிய படிவு அளவிறந்த வெப்பமுற்று, அதிலிருந்த எண்ணெய் வாயுவாகவோ கரியாகவோ மாறியிருக்கவும் கூடும்.