மோசமான படம் எது?

“உலகத்திலேயே மிக மோசமான திரைப்படம் எது?” தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் நான்கு கல்லூரி மாணவர்கள் சேர்ந்து நின்றால், கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக அவர்களைச் சூடேற்றும் வினா இதுவாகத்தான் இருக்கிறது. சானடோரியத்தில் தொடங்கும் வாக்குவாதம் கிண்டியைத் தாண்டியும் ஓய்வதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையும் அந்த நால்வரில் ஒருவனாக இருக்கக் கூடும்.

“இதில் நமக்கென்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நிரம்ப இருக்கிறது. திரைப்படம் பார்ப்பது ஆகுமா, ஆகாதா என்னும் மஸ்அலாவை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. உலமாப் பெருமக்கள் அதனைப் பன்முறை விளக்கியிருக்கிறார்கள். பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லி வாயை மூடுமுன் கைப்பேசி வழியாக நம் வீட்டுக் கூடத்திற்கே வந்து அமர்ந்துவிட்ட ஒன்றை, எந்தத் தராசில் இட்டு நிறுப்பது என்பதே என் கவலை.

மேலைநாட்டில் இவ்விவாதத்திற்கு ஒரு வரலாறே உண்டு. 1980ஆம் ஆண்டு மெட்வெட் என்னும் சகோதரர் இருவர், வாசகர்களின் வாக்கைக் கேட்டு, எட் வுட் என்பவர் இயக்கிய ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்ற படமே உலகின் மிக மோசமான படம் என்று தம் நூலில் அறிவித்தனர். அதில் நடிக்க வேண்டிய பேலா லுகோசி என்ற நடிகர் 1956இல் இறந்துவிட்டார். அவரை வைத்து முன்னமே எடுத்திருந்த சில நிமிடக் காட்சிகளையும் சேர்த்துக்கொண்டு, மீதிக் காட்சிகளில் வேறொருவரை முகத்தைப் போர்வையால் மறைத்து நடக்கவிட்டுப் படத்தை முடித்தார் இயக்குநர். இந்தத் துணிச்சலுக்காகவே அப்படம் புகழ் பெற்றது! 1994இல் அவ்வியக்குநரின் வாழ்க்கையே ஒரு திரைப்படமாகி இரண்டு ஆஸ்கார் விருதுகளையும் வென்றது. 1981 முதல் அமெரிக்காவில் ஆண்டுதோறும் மோசமான படங்களுக்கென்றே விருது வழங்குகிறார்கள்.

தமிழில் இப்பேச்சு எழுந்தால் இளைஞர்கள் 2007இல் வெளிவந்த ‘யாருக்கு யாரோ’வைச் சொல்லிச் சிரிப்பார்கள். திரையரங்கில் கண்டவர்களைவிட, பின்னாளில் யூடியூபில் அதன் பாடற்காட்சிகளைப் பார்த்து நகைத்தவர்களே மிகுதி.

சரி, இப்படங்களால் யாருக்கு என்ன கேடு நேர்ந்தது? ஒருவர் நடிக்க வராமல் நடித்தார். மற்றொருவர் பணமின்றிப் படமெடுத்தார். பார்த்தவர் சிரித்தார், வீடு திரும்பினார். எவருடைய உள்ளத்திலும் எவர்மீதும் பகை முளைக்கவில்லை. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்று சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஆகவே, இயலாமல் எடுத்தவரை எள்ளி நகையாடுவதில் நம் பிள்ளைகள் அவ்வளவு இன்பம் காண வேண்டியதில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

எடுக்கத் தெரியாதவன் எடுத்த படம் அப்படி. எடுக்கத் தெரிந்தவன் பொய்யை எடுத்தால் என்ன ஆகும்? அதனை அமெரிக்கா 1915இலேயே கண்டது. கிரிஃபித் என்னும் இயக்குநர் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ என்றொரு படத்தை உருவாக்கினார். திரைக்கலை பயில்வோர் இன்றும் அதன் நுட்பங்களைப் படிக்கிறார்கள். வெள்ளை மாளிகையிலேயே அது திரையிடப்பட்டது. ஆனால் அதன் உள்ளடக்கம் என்ன? கறுப்பின மக்கள் வெறியர்கள். முகமூடியணிந்து அவர்களைக் கொன்ற கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தாரோ வீரர்கள்! ஓய்ந்து மறைந்திருந்த அந்தக் கூட்டம் அதே 1915ஆம் ஆண்டின் இறுதியில் ஜார்ஜியா மாநிலத்து மலையொன்றில் மீண்டும் உயிர்பெற்றது. ஆள் சேர்ப்பதற்கு இப்படத்தையே கருவியாக்கிக் கொண்டது. கறுப்பின மக்கள் ஊர் ஊராக எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களுள் ஆஸ்கர் மிஷோ என்பவர் 1920இல், தம் மக்கள்மீது ஏவப்பட்ட கொலைவெறியைக் காட்டும் படமொன்றைத் தாமே எடுத்து வெளியிட்டார்.

அன்பு வாசகர்களே! உலகின் மிக மோசமான படம் எது என்று என்னைக் கேட்டால், நான் இந்த அழகிய படத்தைத்தான் சொல்வேன். முகத்தைப் போர்வையால் மறைத்தவரின் படத்தை அல்ல.

நம் நாட்டிற்கு வருவோம். பாங்கு ஒலிக்கிறது, அடுத்த காட்சியில் குண்டு வெடிக்கிறது. இவ்விரண்டிற்கும் தொடர்புண்டு என்று படத்தில் எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. சொல்லாமலேயே பார்ப்பவர் மனத்தில் முடிச்சுப் போட்டுவிடுவதுதான் படத்தொகுப்பு என்னும் கலையின் வல்லமை. குரோம்பேட்டை வெற்றி திரையரங்கில் குடும்பத்துடன் அமர்ந்து பார்க்கும் நல்ல மனிதர், இடைவேளையில் தின்பண்டம் வாங்கித் தின்றபடி அந்த முடிச்சையும் சேர்த்தே வீட்டிற்கு எடுத்துச் செல்கிறார்.

சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், பெருங்களத்தூர் என்று வாடகை வீடு தேடி அலைந்த நம் சகோதரர்கள் பலருக்கு ஓர் அனுபவம் உண்டு. வீடு பிடித்திருக்கும்; முன்பணமும் பேசியாகியிருக்கும். பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரருக்குத் திடீரென ஊரிலிருந்து உறவினர் வந்துவிடுவார்! இதற்குத் திரைப்படம் ஒன்றே காரணம் என்று நான் கூறமாட்டேன். எல்லா வீட்டுக்காரரும் அப்படிப்பட்டவரும் அல்லர். ரமளானில் பள்ளிவாசல் வாயிலில் தூக்குப் பாத்திரத்துடன் நோன்புக் கஞ்சிக்கு நிற்கும் பிற சமயத்துச் சகோதரிகளையும் இதே ஊர்களில்தான் காண்கிறோம். ஆனால் நம்மில் ஒருவரோடும் பழகியிராத ஒருவர், நம்மை எங்கிருந்து அறிந்துகொள்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

‘தி கேரளா ஸ்டோரி’யின் கதை அனைவரும் அறிந்ததே. கேரளத்தில் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டுப் பயங்கரவாதத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர் என்று 2022இல் அதன் முன்னோட்டம் முழங்கியது. 2023 மே மாதம் படம் வெளியாகும் வேளையில் விளம்பரத்தில் அந்த எண் மூன்றாகச் சுருங்கியது. 32,000 என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்ற அறிவிப்பைப் படத்தில் சேர்ப்பதாக உச்ச நீதிமன்றத்தில் தயாரிப்பாளர் தரப்பே ஒப்புக்கொண்டது. 2025 ஆகஸ்டில் அதே படத்தின் இயக்குநருக்குச் சிறந்த இயக்குநர் என்னும் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. மோசமான படத்திற்கு விருது வழங்குவது அமெரிக்கர்களின் வழக்கம் மட்டுமன்று போலும்!

இவ்வளவும் சொன்ன நான், நம் பக்கமும் தராசைத் திருப்பத்தான் வேண்டும். ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது சூரத்துல் மாயிதா நமக்குக் கற்பிக்கும் பாடமன்றோ?

2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ குறித்து எழுந்த கொந்தளிப்பை மறந்திருக்க மாட்டீர்கள். நம் அமைப்புகளின் தலைவர்கள் படத்தை முன்கூட்டியே பார்த்துத் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்தனர். தமிழக அரசு 15 நாள் தடை விதித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. பின்னர்ப் பேச்சுவார்த்தையில் சில இடங்களில் ஒலியை நீக்க உடன்பாடு ஏற்பட்டு, பிப்ரவரி 7ஆம் நாள் படம் வெளியாயிற்று. தலைவர்கள் பார்த்துவிட்டுப் பேசினார்கள், அது முறை. தேநீர்க் கடைகளில் உரக்கப் பேசிய நம்மவரில் பெரும்பாலோர் ஒரு காட்சியையும் பார்த்தவரல்லர். அதன் கதாநாயகனே விஸாம் அகமது காஷ்மீரி என்னும் முஸ்லிம் பாத்திரம் என்பதுகூடப் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதனால் நம் ஆட்சேபம் அனைத்தும் பொய்த்துவிடும் என்று நான் கூறவில்லை. எந்தக் காட்சி, எந்த வசனம், அதில் எது பொய் என்று சுட்டிக்காட்டத் தெரிந்தவனின் பேச்சுக்கே எடையுண்டு. செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்பது, பரிகாசத்தைத் தடுத்த அதே ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் உள்ள கட்டளை.

சட்டத்தின் வழியும் நமக்குப் புதிதன்று. தணிக்கை முறையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற முதன்மையான வழக்கைத் தொடுத்தவர் குவாஜா அகமது அப்பாஸ். 1970இல் அதில் தீர்ப்பளித்தவர் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா. முறையிட்டவரும் முஸ்லிம், தணிக்கை செல்லும் என்று தீர்த்தவரும் முஸ்லிம்! ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப்படத்தின் வழக்கில் 1989இல் அதே நீதிமன்றம், ஆர்ப்பாட்டம் நடக்கும் என்னும் மிரட்டலுக்காகப் படத்தைத் தடுக்கலாகாது என்றது. இவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் அறிந்திருந்தால், கோபத்தை மனுவாக எழுதக் கற்றுக்கொள்வார்கள்.

வீட்டில் என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். மகன் ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது, “அதில் நம்மவர் என்னவாக வருகிறார்?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சற்றுத் திகைப்பான், பிறகு எண்ணிச் சொல்வான். 1961இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர் வளர்த்த பிள்ளையாகச் சிவாஜி கணேசன் நடித்ததையும், அதில் நம் நாகூர் ஹனீபா அவர்களின் குரல் ஒலித்ததையும் பாட்டனார் சொல்லட்டும். இடையில் வந்த மாற்றத்தைப் பேரனே கண்டுகொள்வான்.

பாராமல் பழிப்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கும் ஒரு படமே சான்று. முஸ்தஃபா அக்காத் என்னும் சிரிய நாட்டவர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை ‘அர்ரிஸாலா’ என்று அரபியிலும், ‘தி மெசேஜ்’ என்று ஆங்கிலத்திலும் 1976இல் படமாக்கினார். பெருமானாரின் உருவமோ குரலோ அதில் இல்லை. ஆன்டனி குவின் என்ற நடிகர் ஹம்ஸா (ரலி) அவர்களின் பாத்திரத்தை ஏற்றிருந்தார். ஆனால் அவர் பெருமானாராகவே நடித்துவிட்டார் என்று ஒரு வதந்தி பரவிற்று. 1977 மார்ச்சில் வாஷிங்டன் நகரில், படத்தைக் கண்ணால் காணாத சிலர் ஆயுதங்களுடன் மூன்று கட்டடங்களுள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சிறைப்பிடித்தனர். படத்தை நிறுத்த வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. அந்நிகழ்வில் இளம் வானொலிச் செய்தியாளர் ஒருவர் உயிரிழந்தார். அக்காத் 2005இல் அம்மான் நகரக் குண்டுவெடிப்பில் தம் மகளோடு மாண்டார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சவூதி அரேபியாவில் திரையரங்குகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, 2018 ஜூன் மாதம், நோன்புப் பெருநாளையொட்டி அங்கே திரையிடப்பட்ட முதல் அரபிப் படம் அவருடைய ‘அர்ரிஸாலா’தான்.