உங்களுக்குத் தெரியுமா? மணற்பரப்பே மைதானமான பொழியூர்

கேரளத்தின் நெய்யாற்றின்கரைத் தாலுக்காவின் தென்கோடியில், நெய்யாறு கடலோடு சங்கமிக்கும் பூவாறுக்கு அப்பால், தமிழகத்தின் கொல்லங்கோட்டை ஒட்டிக் கிடக்கும் பொழியூர் என்னும் மீனவ கிராமம், செல்வச் செழிப்பு ஏதும் இல்லாதிருந்தும், கடற்கரை மணலிலேயே தன் பிள்ளைகளைக் கால்பந்தாடப் பழக்கி, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைக் கால்பந்துப் பந்தயத்தில் ஆடிய வீரர்கள் பலரைத் தந்திருக்கிறது. மூத்தோர் ஆட இளையோர் கண்டு கற்கும் இந்தச் சம்பிரதாயத்தை எந்தப் பாடத்திட்டத்தினும் மேலாக மதிக்கலாம்.

இப்படி ஓடியாடுவது பந்தயத்துக்கு மட்டுமன்று, உடல்நலத்துக்கும் வேண்டியதே. வளரிளம் பருவத்தினர் நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரமாவது தேகப் பிரயாசையில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நியமம். ஆயினும் 146 தேசங்களின் விவரங்களைத் தொகுத்து அந்நிறுவனத்தார் 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதினருள் 81 சதவீதத்தினர் அவ்வளவை எட்டவில்லை. பெண்பிள்ளைகளுள் அது 85 சதவீதம்.

பிள்ளைகளுக்கு மைதானமாய் விளங்கும் பொழியூர்க் கரையையோ கடல் அரித்து வருகிறது. ஆகவே, பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரப் பஞ்சாயத்துகள், பெண்பிள்ளைகளும் அச்சமின்றி ஓடியாடுவதற்கு ஊர்தோறும் ஒரு திடலேனும் ஒதுக்கித் தர வேண்டும்.