உங்களுக்குத் தெரியுமா? ஒரு பாவாடைக்குள் 12 மீட்டர் ஃப்ரில்

டோக்கியோவின் ஹராஜுகு பகுதியில் வளர்ந்த, ஃப்ரில்லும் லேஸும் நிறைந்த லோலிடா உடைக்கு வீட்டுத் தையலோடு நெருங்கிய உறவு உண்டு. 2001-இல் ஜப்பானில் தொடங்கிய ‘கோத்திக் அண்ட் லோலிடா பைபிள்’ இதழ் வெறும் படங்களோடு நிற்கவில்லை. வீட்டில் தைக்க வெட்டு மாதிரிகளையும் தந்தது. ஜப்பானிய மாதிரிகளில் பெரும்பாலும் தையலுக்கு விடவேண்டிய ஓரத்துணி சேர்ந்திருக்காது. கோட்டின் மேலேயே கத்தரி வைத்தால் உடை சிறுத்துவிடும்.

பாவாடை மணிபோல் விரிவது உள்பாவாடையால்தான். ஒவ்வொரு அடுக்கும் மேலடுக்கைவிட இரு மடங்கு நீளம் என்று வைத்தால், 1.5 மீட்டர், 3 மீட்டர், 6 மீட்டர். விளிம்பு ஃப்ரில்லுக்கு மட்டும் 12 மீட்டர்! அத்தனையையும் சுருக்கித் தைக்கப் பொறுமை வேண்டும். அதுதான் இந்தக் கலையின் அழகும்.

முதுகுப் பகுதியில் இன்னொரு நுட்பம். எலாஸ்டிக் நூலை இழுக்காமல் கையாலேயே பாபினில் சுற்றி, மேலே சாதாரண நூல் கோத்து, வரிசை வரிசையாகத் தைப்பார்கள். பிறகு நீராவி காட்டினால் துணி இன்னும் சுருங்கும். உடல் சற்றுப் பருத்தாலும் இளைத்தாலும் அதே உடை பொருந்தும்.

புதிதாகத் தைக்கத் தயக்கமா? பழைய பிளவுஸில் உறுத்தும் நைலான் லேஸைப் பிரித்துப் பருத்தி லேஸ் வையுங்கள். உடையின் தரமே மாறித் தெரியும்.

நோவாலா தகெமோட்டோவின் 2002 நாவல் ‘ஷிமோட்சுமா மோனோகதாரி’யின் நாயகி மொமோகோவும் லோலிடா உடைப் பிரியைதான், எம்பிராய்டரியில் கைதேர்ந்தவள். 2004-இல் அது திரைப்படமானது.