பத்துத் தலையை எண்ணி முடித்த பிறகு

புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் குடுமியான்மலை. அங்குள்ள சிகாநாதர் கோயிலின் மண்டபச் சிற்பங்களில் பத்துத் தலை ராவணன் ஒருவன் இருக்கிறான். சிறு பிள்ளைகள் அவன் முன்னால் நின்றால் முதலில் தலைகளைத்தான் எண்ணுவார்கள். வளர்ந்தவர்களுக்கு எண்ணிக்கை தெரியும். இத்தனை முகங்களைச் சிற்பி ஒரே உடம்பில் எப்படி இசையவைத்தான் என்பதில்தான் அவர்கள் கண் நிற்கும். ராமாயணம் நம் ஊர்களில் எப்போதுமே தெரிந்த கதை. புதுக்கோட்டை கம்பன் கழகத்தின் விழாவுக்கு ஆண்டுதோறும் போகிறவர்கள் யாரும் வாலி செத்தானா பிழைத்தானா என்று தெரிந்துகொள்ளப் போவதில்லை. தெரிந்ததை மறுபடி கேட்பதும் பார்ப்பதும் இங்கே பழைய பழக்கம். ஆனால் சின்ன வயதில் ரசித்த கார்ட்டூன் படத்தை முப்பத்தைந்து வயதில் ஒருவர் மறுபடி பார்த்தால் மட்டும் 'இன்னும் குழந்தையாகவே இருக்கிறார்' என்கிறோம். அது சரியான தீர்ப்பு இல்லை. ஒரு படம் தாங்குமா தாங்காதா என்பதே இரண்டாவது பார்வையில்தான் தெரியவரும்.

இதற்கு நல்ல சாட்சி 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற அனிமேஷன் படம். ஜப்பானியரான யூகோ சாகோ 1983-இல் தொல்லியலாளர் பி.பி. லாலின் அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தவர். அப்போது ராமாயணம் அவரைப் பிடித்துக்கொண்டது. படமாக எடுக்கப் போகிறார் என்ற செய்தி பரவியதும், வெளிநாட்டுக்காரர் நம் இதிகாசத்தைத் தொடக் கூடாது என்று விஸ்வ ஹிந்து பரிஷத்திடமிருந்து எதிர்ப்புக் கடிதம் போனது. இங்கே எடுப்பது நடக்காமல் வேலை டோக்கியோவுக்குப் போனது. சாகோ, கோய்ச்சி சசாகி, நம் நாட்டு அனிமேஷனின் முன்னோடி ராம் மோகன் ஆகிய மூவரும் இயக்கினார்கள். 1993 ஜனவரியில் டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. பிறகு கார்ட்டூன் நெட்வொர்க்கில் திரும்பத் திரும்ப ஓடித்தான் ஒரு தலைமுறையின் மனதில் தங்கியது. 2025 ஜனவரி 24 அன்று 4கே தரத்தில் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் தியேட்டருக்கு வந்தபோது சாகோவும் உயிரோடு இல்லை, ராம் மோகனும் இல்லை.

படம் ஏன் தாங்கியது? ராமர் தெய்வம், எனவே நடிகரைவிடச் சித்திரமே அவருக்குப் பொருத்தம் என்று சாகோ சொல்லியிருக்கிறார். பக்தியால் சொன்னதோ என்னவோ, மறுபார்வை விஷயத்தில் இது கூர்மையான பேச்சு. 1958-இன் 'சம்பூர்ண ராமாயண'த்தை இன்று போட்டால், ராமர் வரும்போதெல்லாம் பின்னாளில் ஆந்திராவுக்கு முதல்வரான என்.டி. ராமராவும் சேர்ந்தே வருகிறார். பரதனோடு சிவாஜியின் மற்ற வேடங்கள் அத்தனையும் வரிசை கட்டுகின்றன. வரைந்த ராமருக்கு வேறு வாழ்க்கை கிடையாது, வேறு படம் கிடையாது. முகம் அப்படியே இருப்பதால், மாறியது பார்க்கிறவர்தான் என்பது மறைக்க முடியாமல் தெரிந்துவிடுகிறது. அனுமன் இலங்கையைக் கொளுத்தும்போது கைதட்டிய பிள்ளை, இப்போது தசரதனின் படுக்கை அருகே கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிடுகிறது.

குரலுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. 'தி லயன் கிங்' படத்தின் பழைய தமிழ்ப் பதிப்பில் சிம்பாவுக்குப் பேசிய அரவிந்த்சாமி, 2019-இல் வந்த புதிய படத்தில் சித்தப்பன் ஸ்காருக்குப் பேசினார். வாரிசாக ஒலித்த குரல் வில்லனாகிவிட்டது! வரைந்த முகத்துக்கு இப்படி ஒரு பதவி மாற்றம் வராது.

இதெல்லாம் வெறும் பழைய நினைவின் மயக்கம், தியேட்டர்காரர்கள் அதைக் காசாக்குகிறார்கள் என்பார்கள். 2024-இல் 'கில்லி' மறுவெளியீட்டுக்குக் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் மயக்கம் மட்டுமே காரணமென்றால் எல்லாப் பழைய படமும் ஒன்றுபோல இனிக்க வேண்டுமே. சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 2000-இல் 'பாண்டவாஸ்' என்று கம்ப்யூட்டரிலேயே ஒரு மகாபாரதம் எடுத்தது. தேசிய விருதும் வாங்கியது. அன்றைக்கு அது பெரிய காரியம்தான். இன்றைக்குப் பார்த்தால் உருவங்கள் மரப்பாச்சி போல விறைத்து நிற்கின்றன. அதைவிட ஏழெட்டு வருடம் மூத்த சாகோ படத்தின் கைவேலையோ நிற்கிறது. பென்சிலில் வரைந்ததைக் கண்ணாடி போன்ற செல் தாளில் கோடாக எடுத்து, பின்புறம் வண்ணம் பூசி, தனியே தீட்டிய காட்டின்மேலோ அரண்மனையின்மேலோ வைத்து, ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கும் முறை அது. ஒரு நொடி படத்துக்கு 24 பிரேம். 450 பேர் உட்கார்ந்து சுமார் ஒரு லட்சம் செல்கள் வரைந்ததாகச் சொல்கிறார்கள். பெரிய திரையில் மரங்களுக்குப் பின்னே கரையும் வெளிச்சத்தைப் பார்த்தால் அந்த உழைப்பு தெரிகிறது. பழைய பெட்டி டிவியில் பார்த்தவர்களுக்கு இதில் பாதி கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. அப்படிப் பார்த்தால் தியேட்டரில் நடந்தது மறுபார்வையே இல்லை என்றும் வாதாடலாம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. பிள்ளைக்குத் தெரியாத இடங்களிலும் வேலையில் குறை வைக்கவில்லை என்பதே என் கட்சிக்குப் போதும்.

சின்ன வயதில் பிடித்ததை அப்படியே விட்டுவைக்கலாமே, ஏன் தோண்டிக் கெடுக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். இந்தப் படத்திலும் கெடும் இடங்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கம்பனைக் கேட்டு வளர்ந்த காதுக்குச் சீதையைக் கவரும் காட்சி நெருடும். கம்பனின் ராவணன் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். படமோ வால்மீகியின் வழியில் போகிறது. இதை வேறுபாடு என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடலாம். அதைவிடப் பெரியது அக்கினிப் பிரவேசம். படம் அதைக் காட்டுவதே இல்லை. ராவணன் விழுகிறான், சீதை மீள்கிறாள், எல்லோரும் ஊர் திரும்புகிறார்கள். பத்து வயதில் அந்த இடைவெளி யாருக்கும் தெரியாது. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' படித்தவருக்குத் தெரியாமல் போகாது. சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிற கதை அது. பிள்ளைகளுக்கான படம் என்பதால் விட்டார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் போர்க்களத்துச் சாவுகளைக் காட்டத் தயங்காத படத்துக்கு அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. கையால் தீட்டிய காடும் கோட்டையும் இன்றும் கண்ணை நிறுத்துகின்றன. சீதை விஷயத்தில் மட்டும் படம் பத்து வயதுக்காரனுக்கு மேல் யாரையும் எதிர்பார்க்கவில்லை.