வழங்கிக் கணினிகளும் வடப் பிணைப்பும்

நெல்லையிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கங்கைகொண்டான். புள்ளிமான்கள் உலவும் காடும், சிப்காட் தொழில் வளாகமும், எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலமும் அவ்வூரில் அமைந்துள்ளன. நம் மாணவர்கள் பணி நாடிச் செல்லும் இத்தகைய வளாகங்களில் கணினித் திரைகளை யாவரும் காண்பர். அத்திரைகளுக்குச் செய்தி வழங்கும் சர்வர்கள், அதாவது வழங்கிக் கணினிகள், பூட்டிய குளிரறையினுள் எவ்வாறு பிணைக்கப்படுகின்றன என்பதை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டுக் காண்போம்.

வழங்கிகள் 19 அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்படுவன. சட்டத்தின் உயரத்தை 'யூ' என்னும் அலகால் அளப்பர். ஒரு யூ 1.75 அங்குலம். 42 யூ உயரச் சட்டமே பெருவழக்கு. அதன் உச்சியில் ஸ்விட்ச் என்னும் கருவியை வைப்பர். வரும் ஒவ்வொரு செய்திப் பொதியின் முகவரியையும் படித்து, உரிய வாயிலுக்கு மட்டும் அதனைத் திருப்பிவிடுவது இக்கருவியின் தொழில். விளக்கின் விசைக்கும் ஸ்விட்ச் என்றே பெயர் வழங்குவதால் மயக்கம் நேர்கிறது. வேண்டிய வயலுக்கு மட்டும் மடை திறந்து நீர் பாய்ச்சுவதை ஒப்ப, இதனை 'மடைமாற்றி' என வழங்கலாம் என்பது நம் கருத்து.

ஒரே சட்டத்திற்குள் இரண்டு மூன்று மீட்டர் தொலைவுக்கு, இருமுனையிலும் செருகி பொருத்தப்பட்டே வரும் செம்பு வடம் போதும். விலையும் குறைவு, மின்செலவும் குறைவு. தொலைவு கூடினால் ஒளியைச் சுமக்கும் கண்ணாடியிழை வேண்டும். நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் ஓஎம்3 வகை இழை 300 மீட்டரும், ஓஎம்4 வகை 400 மீட்டரும் தாங்கும். இழையை வளையலளவுக்கும் சிறிதாக மடக்கிக் கட்டுவோர் பலர். ஒளி கசிந்து இணைப்பு தளர்வது அதனாலேயே. 1973-இல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கியபோது அதன் வேகம் மூன்று மெகாபிட்டிற்கும் குறைவு. இன்று ஒரு வழங்கிக்கு 25 கிகாபிட் என்பது வியப்பன்று.

இங்கே ஒரு கணக்கு உண்டு. மடைமாற்றி ஒன்றில் வழங்கிகளுக்கென 25 கிகாபிட் வாயில்கள் 48 எனக் கொள்வோம்; மொத்தம் 1200. மேலடுக்கு மடைமாற்றிகளுக்குச் செல்லும் 100 கிகாபிட் வாயில்கள் ஆறு; மொத்தம் 600. எல்லா வழங்கிகளும் ஒருசேர மேலடுக்கை நோக்கிப் பேசினால் பாதிக்கே இடமுண்டு. கால்வாயின் கொள்ளளவை மிஞ்சி மடைகளைத் திறந்தால் கடைமடை வயல் காயும் என்பது தாமிரபரணிக் கரையினர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. வழங்கிகள் யாவும் ஒரே நொடியில் பேசுவது அரிது என்பதால் இவ்விகிதத்தை ஏற்கின்றனர். இரவில் படியெடுக்கும் பணி தொடங்கும்போது நெருக்கடி புலப்படும்.

சட்டத்து மடைமாற்றி ஒவ்வொன்றும் மேலடுக்கிலுள்ள எல்லா மடைமாற்றிகளோடும் பிணைக்கப்படும். தொலைபேசி நிலையங்களுக்காக 1953-இல் பெல் ஆய்வகத்தின் சார்லஸ் குளோஸ் வகுத்த அமைப்பின் வழிவந்தது இது. ஒன்று பழுதுற்றால் மற்றவற்றின் வழியே செய்தி செல்லும்.

இந்நெறி கீழடுக்கிற்கும் பொருந்தும்: ஒரு வழங்கிக்கு இரு வடங்கள், இரு வேறு மடைமாற்றிகளுக்கு. நாம் அறிந்த ஒரு நிறுவனத்தில் வடங்கள் இரண்டு இருந்தன. ஆயின் இரண்டையும் ஒரே மடைமாற்றியில் செருகியிருந்தனர். கட்டணம் செலுத்த இறுதி நாளன்று அதன் மின்வழங்கி பழுதாயிற்று. வரிசையில் நின்ற பிள்ளைகளும் பெற்றோரும் மாலைவரை காத்திருந்து திரும்பினர். வடங்களில் பெயர்ச்சீட்டும் இல்லை. எது எங்குச் செல்கிறது என்று கண்டறியவே மூன்று மணிநேரம் ஆயிற்று. மறுநாள் இரண்டாம் வடத்தைப் பக்கத்துச் சட்டத்தின் மடைமாற்றிக்கு மாற்றினர். அதற்கு ஐந்து நிமிடமே பிடித்தது.